கைநாட்டுக்கு மேலே எழுதியது

ராசா,

நான் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் முறை. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. முழங்காலில் ஏறி உட்கார்ந்த குளிர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. ஹட்டனில் பத்து நாளாக விடாத மழை. கீழே துணிக்கடை நானா இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதிப் படி ஏறி வந்து, "கிளாக்கர் ஐயா, இருக்கீங்களா?" என்று கேட்கிறார். தோட்டத்து வேலை முடிந்து வந்து மேல் அறையில் ஒரு கிழவன் தனியாகக் கிடக்கிறானே, உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கும் நல்ல மனது. "இருக்கேன் நானா" என்று உள்ளேயிருந்தே சொல்வேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான். இதை உன் மனம் நோக வேண்டும் என்று எழுதவில்லை. கொஞ்சம் நோகட்டும் என்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

உன் கடிதம் கிடைத்து நாலு வாரம் ஆகப் போகிறது. பொல்பிட்டியவிலிருந்து கடிதம் வர மூன்று நாள் பிடிக்கிறது; நீ பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். மின்சார நிலையத்து வேலைத்தளத்தில் லீவு கிடையாது என்கிறாய், நம்புகிறேன். நீ எழுதிய கடிதத்தில் வெள்ளைக்கார இன்ஜினியர் ஏழு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, எல்லோருக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்தாராமே. "அந்த இன், ஆன், ஆஃப் எல்லாம் எந்தச் சொல்லுக்கு எது வரும்னு ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்க அப்பா" என்று கேட்டிருந்தாய். வேலைக்குப் போன ஆறு மாதத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் காரியம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசையைத் துடைத்து, பேனாவில் மை நிரப்பி, அப்போதே உட்கார்ந்துவிட்டேன். பட்டியல் பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக வரும், அறைக்குப் போய் ஆறுதலாக வாசி.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் தமிழில் உருபெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாம் நினைக்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேண்டும், சந்தையில் சின்னப் பிள்ளையை இரண்டு பேர் நடுவில் விட்டுக் கை பிடித்துக் கூட்டிப் போவது போல. ஒரு கை மாறினாலும் பிள்ளை அழும். நீ கூட வைத்து அனுப்பிய அந்தச் சிவப்பு வட்டக் கடிதத்தில், மழையின் காரணமாக வேலை நின்றது என்பதற்கு 'இன் அக்கவுண்ட் ஆஃப்' என்று எழுதியிருக்கிறாய். அது 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்'. ஒருவர் கேட்டுக்கொண்டபடி என்றால் 'அட் த ரிக்குவெஸ்ட் ஆஃப்', நீ அதற்கும் 'இன்' போட்டிருக்கிறாய். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் 'இன்' போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தாய் போலும். சாவி விஷயம்தான் பெரிய கூத்து. ஸ்டோர்காரர் சாவிக்குப் பொறுப்பு என்றால் அவர் 'இன் சார்ஜ் ஆஃப்' சாவி. நடுவில் ஒரு 'த' போட்டு 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றாயே, அதனால் சாவி ஸ்டோர்காரரைக் காவல் காக்கிறது. அந்த இன்ஜினியர் சிரித்திருந்தால் அவர் மேல் கோபப்படாதே. நானும் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இவற்றுக்கெல்லாம் விதி இல்லை ராசா. ஒரு சொல்லோடு ஒரு சொல் குடும்பம் நடத்திப் பழகிவிட்டது, அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு, எழுதி எழுதித்தான் வரும். எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், நானே நூறு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கங்காணி மகன் எட்டாம் வகுப்போடு தோட்டத்து ஆபீசில் சின்ன கிளாக்கராக நுழைந்தான். பெரிய துரை கடிதம் எழுதும்போது பிடிக்காத தாளைக் கசக்கிக் கூடையில் போடுவார். சாயங்காலம் அந்தத் தாள்களைப் பொறுக்கி நீவி, அதில் உள்ள சொற்கூட்டங்களை ஆள் கணக்கு எழுதும் ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். இருநூறு முந்நூறு சேர்ந்தன. அதன் பிறகு என் ஆங்கிலத்தில் பிழை பிடிக்க அந்த மலையில் ஆள் இல்லை. "உங்கப்பாவுக்குத் தும்மல் வந்தாக்கூட இங்கிலீசுலதான் வரும்" என்று உன் அம்மா சொல்வாள். அந்தக் கர்வத்தில்தான் உனக்குப் பத்து வயதில் ஒரு சின்ன 'ஆன்' தவறியதற்காக வாசல் கல்லில் முட்டிபோட வைத்தேன். நினைவிருக்கும். வேலை விட்டு வந்த சடையன் மாமா உன்னைத் தூக்கிக்கொண்டு போய், முட்டியில் எண்ணெய் தடவிக் கொடுத்தானே. "சின்னப் புள்ளைய என்னா மச்சான்" என்றான் என்னிடம், வேறொன்றும் சொல்லவில்லை. அது என் தவறு. இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறேன். அதைவிடப் பெரிய தவறும் அதே மாமா விஷயத்தில்தான் நடந்தது.

தோட்டத்தில் மனு, பெட்டிசம் எழுதும் முறை உனக்குத் தெரியாது, நீ பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற சனம், பொழுது சாயத்தான் திரும்பும். துரைக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றால் உட்கார்ந்து சொல்ல அவர்களுக்கு நேரமில்லை, கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் பொறுமையில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வெற்றுத் தாளின் அடியில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். "லீவு வேணுங்க", "கூரை ஒழுகுதுங்க" என்று ஒரு வரி சொல்வார்கள். கைநாட்டுக்கு மேலே உள்ள இடமெல்லாம் எனக்கு. அங்கே என் இஷ்டப்படி எழுதுவேன். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும் வழக்கம் எனக்கு இல்லை. யாரும் கேட்டதுமில்லை. ஒருவருக்காக, ஒருவர் சார்பில் எழுதுவதற்கு 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்பார்கள். நாள் முழுக்க அதைச் செய்தேன், அந்தச் சொல்லைச் சரியாகவும் எழுதினேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், சடையன் தன் பெண் செல்விக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும் என்று வந்து நின்றான். குலதெய்வம் திருச்சிப் பக்கத்தில் இருக்கிறது. அவன் பிறந்தது நம் தோட்டத்து எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில். அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பிள்ளையின் முதல் முடி அங்கேதான் இறங்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "மூணு மாசம் லீவு வாங்கிக் குடுங்க மச்சான்" என்று கைநாட்டை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். முடி இறக்க மூன்று மாதம் கேட்டால் துரை என்ன சொல்வார்? இங்கே கத்தி இல்லையா என்பார். வேறு ஏதாவது கனமாக எழுத வேண்டும் என்று யோசித்தேன். அப்போது என் புத்தகத்தில் புதிதாக ஒரு வரி வந்து சேர்ந்திருந்தது. துரை தன் ஊரான ஸ்கொட்லாந்துக்கு நீண்ட லீவில் போகக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் கசங்கல் அது. 'இன் கனெக்‌ஷன் வித் த அஃபேர்ஸ் ஆஃப் மை பெர்மனென்ட் ஹோம்'. என் நிரந்தர வீட்டின் விவகாரங்கள் தொடர்பாக. எவ்வளவு அழகான வரி. எங்கே எழுதலாம் என்று நாக்கில் வைத்துக்கொண்டு அலைந்த எனக்குச் சடையனின் தாள் கிடைத்தது. இந்தியாவில் உள்ள என் நிரந்தர வீடு என்று எழுதினேன். துரை வாசித்துவிட்டு, யார் எழுதியது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

வெள்ளைக்காரனுக்குத் தன் ஊரில் நிரந்தர வீடு இருந்தது. சடையனுக்கு எங்கே இருந்தது? மூன்று மாத லீவில் போனவன் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டான். "வெயில் தாங்கல மச்சான். சொந்தக்காரன்னு ஒருத்தன் வந்தான், அவனுக்கு என்னையத் தெரியல, எனக்கு அவனத் தெரியல. நம்ம மலை நம்ம மலைதான்" என்றான். பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கடிதம் ஆபீஸ் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது, நானும் மறந்துபோனேன்.

அதன் பிறகு பிரஜாவுரிமைக் காலம் வந்தது. இந்த நாட்டில்தான் இருக்கிறோம், இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். விண்ணப்பங்களை இரவல் மேசை போட்டு எழுதித் தள்ளினேன். சடையனுக்கும் எழுதினேன், எனக்கும் எழுதினேன். விசாரணைக்கு ஹட்டனுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர், என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, நீங்களே சொல்லுங்களேன் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சடையன் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னான். கடைசியில் அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். தூரத்திலேயே என் கையெழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது.

ரேகை உன்னுடையதா என்று கேட்கச் சொன்னார். "ஆமாங்க, என்னோடதுதாங்க" என்றான். இந்தியாவில் நிரந்தர வீடு இருப்பதாக எழுதியிருக்கிறாயே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சடையன் சிரித்துவிட்டான். "வீடா? எனக்கு அங்க ஒரு குச்சுக்கூட இல்லீங்க. புள்ளைக்கு முடி எறக்கத்தான் போனேன். காயிதம் நம்ம மச்சான் எழுதுனாரு, நீங்க அவரையே கேட்டுக்குங்க" என்று என்னைக் காட்டினான். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், அவன் என்ன சொல்கிறான் என்று. மேசையில் கட்டி வைத்திருந்த விண்ணப்பக் கட்டில் என்னுடையதும் இருந்தது. பொய்க் கடிதம் எழுதிய கிளாக்கர் என்று தெரிந்தால் என் வேலை என்னாகும், உன் அம்மா, நீ, நாம் மூவரும் என்னாவோம் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. 'அவனுக்கு ஞாபகம் இல்லை என்கிறான்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். சடையனுக்கு அது விளங்கவில்லை, நான் அவனுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினான்.

சில மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அதையும் வாசிக்க என்னிடம்தான் கொண்டுவந்தான். 'வித் ரெபரன்ஸ் டு', 'இன் வியூ ஆஃப்', எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வாசித்து முடித்ததும் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "விடுங்க மச்சான், நீங்க என்னா செய்வீங்க, நம்ம தலையெழுத்து" என்றான். நமக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. உன் அம்மா மட்டும், ஒரே வயிற்றில் பிறந்த தம்பிக்கு ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அதிகாரி சரியில்லை என்று சொன்னேன். சாகும் வரை அவள் அந்த மனிதரைச் சபித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், ராசா. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் போய் மூன்று வருஷமாகிறது, இனிச் சொல்ல ஆளில்லை.

அவள் போன பிறகு என் வீட்டுப் படி ஏறுகிற ஒரே மனிதன் சடையன்தான். ஞாயிறு தவறாமல் வருவான். நனைந்த கம்பளியை வாசலில் உதறிவிட்டு, லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சிக்காயை மேசையில் வைப்பான். "அக்கா இல்லாத வீட்டுல என்னாத்தத் திங்கிறீங்க மச்சான்" என்பான். தேத்தண்ணி குடிப்பான், தோட்டத்துக் கதை சொல்வான். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் ஆறு நாள் இருந்தேன். நீ கேட்ட பட்டியலை நான் எழுதிக்கொண்டிருந்த ஞாயிறும் அவன் வந்தான். இப்போது இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுக்காரர்களும் பேசி நம் ஆட்களைப் பிரித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சாக இருக்கிறதே. அதற்கு முன் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்களாம். மடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினான். அடியில் கைநாட்டு மட்டும் இருந்தது. "ரேகையை வச்சுப்புட்டேன் மச்சான், மேல நீங்க எழுதிக்கிடுங்க. செல்விக்கு மாப்பிள்ளை பாக்கணும், எந்த நாட்டுல பாக்குறதுன்னு தெரியல" என்றான். என் மேசையில் பட்டியல் 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்ற இடத்தில் நின்றிருந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

"சடையா, அன்னைக்கு நீ சொன்னதை அந்த ஐயாகிட்ட நான் சொல்லல" என்றேன்.

"எதைச் சொல்லல?"

"முடி எறக்கப் போனேன், மச்சான்தான் எழுதுனாருன்னியே. அதை."

"அப்ப என்னா சொன்னீங்க?"

"உனக்கு ஞாபகம் இல்லேன்னு சொன்னேன்."

அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்கு ஞாபகம் இருந்துச்சே மச்சான்" என்றான். பிறகு எழுந்து, ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு ஞாயிறு வரவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தையே பார்த்திருந்தேன். உனக்குப் பதில் எழுதத் தாமதமானதும் அதனால்தான். நேற்று, மூன்றாம் ஞாயிறு, வந்தான். காய் கொண்டுவரவில்லை. உட்காரவும் இல்லை. மேசையில் கிடந்த பழைய தாளை எடுத்து, தன் கைநாட்டு உள்ள பக்கம் உள்ளே இருக்க மடித்து மடியில் செருகிக்கொண்டான். "புதுத் தாளு எடுங்க. எழுதுங்க. வாசிச்சுக் காட்டுங்க. அப்பறம் கை வைக்கிறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். எனக்கு வலித்தது, ஆனால் நியாயம்.

எழுதினேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பழக்கம் விடவில்லை, நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கத்துடன் என்று பெரிதாக ஒன்றை இழுத்துவிட்டேன். கையை நீட்டி நிறுத்தினான். "அது எனக்கு வெளங்கல. எம் மூத்தவனைப் பொதைச்சது இங்கதானே, நம்ம தோட்டத்து மேட்டுல. அதை எழுதுனீங்களா?" என்றான். இல்லை என்றேன். "அதை எழுதுங்க" என்றான். செக்ரோல் புத்தகம் முழுக்க மனதில் புரட்டினேன், அதற்கு ஒரு அலங்காரமும் கிடைக்கவில்லை. என் மூத்த மகன் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறான் என்று ஐந்தாறு சின்னச் சொற்களில் எழுதி வாசித்தேன். "அம்புட்டுத்தானா?" என்றான். "அம்புட்டுத்தான்" என்றேன். கைநாட்டு வைத்தான். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டான்.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று அவனுடையது. மற்றது என்னுடையது, அந்த லீவுக் கடிதத்தில் உள்ள சொற்கள் என்னுடையவை, விசாரணையில் அவன் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். இதனால் மாமாவுக்கு நல்லது நடக்குமா தெரியாது. எனக்குக் கெடுதல் வரலாம். என் பிரஜாவுரிமையை வைத்துத்தான் உன்னுடையதும் இருக்கிறது, அதனால் உன்னையும் கேள்வி கேட்கலாம். உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்குக் கோபப்படு, ஆனால் நிறுத்தாதே. இரண்டையும் உன் ஆபீஸ் மெஷினில் டைப் அடி. என் வரிகளில் எதையும் அழகாக்காதே. நீ கேட்ட பட்டியலும் கூட இருக்கிறது, முடித்துவிட்டேன். எந்தச் சொல்லுக்கு எது வரும் என்று அதில் இருக்கிறது. அடியில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதை நீயே கடைசியில் எழுதிக்கொள்.

டைப் அடித்த பிறகு உடனே தபாலில் போடாதே. எப்படியாவது ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு வா. என்னிடம் வருவதற்கு முன்னால் மாமாவின் லயத்துக்குப் போய், அவன் தாளையும் என் தாளையும் அவனுக்கு வாசித்துக் காட்டு. நான் வாசித்ததும் நீ வாசிப்பதும் ஒன்றுதானா என்று அவன் கேட்டுப் பார்க்க வேண்டும். சரி என்றால் டைப் அடித்த தாளிலும் கை வைக்கட்டும். இனி என் வாயை மட்டும் நம்பி அவன் இருக்கக் கூடாது. நான் சொல்லி வந்ததாகச் சொல்லாதே. அவன் உனக்குத் தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டு வா, கொடுத்தானா என்று எனக்குச் சொல்.

அப்பா